பெட்டிக்கு அடியில் ஒரு புள்ளி

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, இதயநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே, மறைந்த நம் நண்பரிடம் திட்டு வாங்கிப் பழகிய சக பேராசிரியர்களே, ஆய்வகத் தோழர்களே, எங்களை நம்பிக் கையை நீட்டி ரத்தம் கொடுத்த பேருந்து ஓட்டுநர்களே, ஆசிரியைகளே, சந்தை வியாபாரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் அக்கா அவர்களே, அவருடைய மூத்த சகோதரி அவர்களே, இருவருக்கும் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அவருடைய மகள், எங்கள் பாப்பாவே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மறைந்த நம் உயிர்வேதியியல் துறைத் தலைவரின் முழுப் பெயரும் பட்டங்களும் எனக்குப் பின்னால் துணியில் எழுதித் தொங்குகின்றன. நான் அதைத் திரும்பப் படிக்கப் போவதில்லை. இந்த வளாகத்தில் அவரைக் கடுகு சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவார். அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறீர்கள். அவருக்கும் தெரியும். "கடுகு சார்னு ஒருத்தர் இங்க இருக்காரா?" என்று கேட்டு வந்த கூரியர்காரரிடம், "நான்தான், குடு" என்று கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கியவர் அவர்.

அவரைப் புகழ்ந்து பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். புகழ்வதற்கு நிறைய இருக்கிறது, புகழவும் செய்வேன். ஆனால் நான் இங்கே வெட்கத்தோடு நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவியல் துறையில் காலமெல்லாம் மற்றவர்களின் மனசைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டவள் நான். போன வாரம் ஒரே ஒரு கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் சொல்லாமல் நழுவி வந்துவிட்டேன்.

எங்கே கேட்டார்கள்? அவருடைய வீட்டில். ஆய்வகத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று மாலை அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் சுவரோரம் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் மனசில்லாமல் கீழே வைக்கவும் இடமில்லாமல் நின்றிருந்தேன். அப்போது அவருடைய மூத்த சகோதரி, பாப்பாவின் அத்தை, அவளைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார்கள்.

"கோபம் வந்தா இதயம் தாங்காதுன்னு ரேடியோவுலயே சொன்னாங்களே. காலங்காத்தால அவனை அப்படிக் கத்த வெச்சுட்டியேடி."

அன்று காலை அப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. பாப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போக வேண்டும் என்றாள். இவர் வீடு அதிரக் கத்தியிருக்கிறார். இவளும் பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

பாப்பா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்து கேட்டாள். "ஆன்ட்டி, நீங்கதானே இதையெல்லாம் ஆராய்ச்சி பண்றீங்க. சொல்லுங்க. என்னாலதானா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப அதெல்லாம் யோசிக்காதம்மா" என்றேன். அவள் தலையைத் தடவினேன். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன். என் தொழிலில் அதற்கு நாகரிகமான பெயர்கள் இருக்கின்றன. ஊர் பாஷையில் அதற்குப் பெயர் கோழைத்தனம்.

அத்தை அவர்களே, உங்கள் மேல் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. தம்பியைப் பறிகொடுத்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னீர்கள். உங்கள் வாயில் வந்தது, வார்த்தை மாறினாலும், என்னுடைய வாக்கியம். ரேடியோவில் அதைச் சொன்னது நான்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். காய், பழம், கீரையிலிருந்து சில பொருட்கள் நம் ரத்தத்தில் சேர்கின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பார்கள், நீங்கள் எல்லோரும் விளம்பரத்தில் கேட்டிருப்பீர்கள். உடம்பின் செல்களைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றும் பொருட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலகலப்பான, நம்பிக்கையான ஆட்களின் ரத்தத்தில் இவை அதிகமாக இருக்கின்றனவா? அதனால் அவர்கள் இதயத்துக்கு நல்லதா? இதுதான் எங்கள் கேள்வி. குணத்தை அளப்பது என் வேலை. ரத்தத்தை அளப்பது அவர் வேலை.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார்! ரத்தத்தில் இருக்கும் அந்தப் பொருட்கள் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் அவர் ஆய்வகத்தில் எப்போதும் மங்கலான மஞ்சள் விளக்குதான். குழாய்களுக்கு வெள்ளித்தாள் சுற்றியிருப்பார். தெரியாத்தனமாக யாராவது திரைச்சீலையை விலக்கினால் அன்று அந்த ஆள் கதி அதோகதி. ஒருமுறை நானே விலக்கிவிட்டேன். "மேடம், உங்களுக்கு வெளிச்சம் வேணும்னா வெளிய போய் நில்லுங்க, சூரியன் சும்மாதான் இருக்கு" என்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் இரண்டு நாள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

ஆனால் அவர் யாருக்காகக் கத்தினார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறோமா? ஒரு பேருந்து ஓட்டுநர் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தார். எங்கள் ஆட்கள் அவரை உட்கார வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். காலை போய் மதியம் ஆகிவிட்டது. கடுகு சார் அந்த வழியாக வந்தார், பார்த்தார், தாளித்துவிட்டார். "மனுஷன் சாப்பிடாம உக்காந்திருக்கான், உங்களுக்கெல்லாம் கண்ணு எங்க பொடனிலயா இருக்கு?" கத்தி முடித்துவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தானே ரத்தம் எடுத்தார், பிறகு தன் டப்பாவைத் திறந்து ஆரஞ்சுப் பழம் உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அந்த ஓட்டுநர் இதோ, பக்கவாட்டுக் கதவோரம் நிற்கிறார். அண்ணே, உட்காருங்கள். இன்றைக்கும் உங்களை மறந்து நிற்க வைத்தோம் என்று அவருக்குத் தெரிந்தால் எங்களைச் சும்மா விடமாட்டார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஊராரிடம் ரத்தம் கேட்பதற்கு முன்னால் நாம் கொடுக்க வேண்டும். அதனால் துறையில் இருந்த எல்லோரும் கேள்வித்தாளை நிரப்பி, ரத்தமும் கொடுத்தோம். முதல் ஆள் அவர். என் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே! "நான் பெரும்பாலும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று ஒரு வரி. "பெரும்பாலும்னா என்ன மேடம்? காலைலயா, சாயந்திரமா? பஸ் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். "சும்மா ஏதாவது போடுங்க சார்" என்றேன். "சும்மா போட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்று சொல்லி எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி போட்டார். ஆய்வு முடிந்ததும் எல்லோருடையதையும் கூட்டிப் பார்த்தோம். கலகலப்பில் ஆய்விலேயே கடைசி ஆள் அவர்தான்.

ரத்தம்? ரத்தத்தில் அவர்தான் முதல்.

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல என்ன அதிசயம்? நான் கேரட் திங்கிறேன், நீங்கல்லாம் ஈன்னு சிரிச்சுக்கிட்டு பிஸ்கட் திங்கிறீங்க" என்றார். அவர் உள்ளங்கை கேரட் தின்று தின்று மஞ்சள் பூத்திருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆய்வு முழுவதும் அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வியும் அதுதான். "சிரிக்கிறவன் காய் வாங்குறானா, காய் வாங்க வக்கு இருக்கிறவன் சிரிக்கிறானா? ரெண்டுல எதுன்னு உங்க ஆராய்ச்சி சொல்லுதா மேடம்?" சொல்லவில்லை. கலகலப்பு கூடினால் ரத்தத்தில் அந்தப் பொருளும் கொஞ்சம் கூடி இருந்தது. கொஞ்சம்தான். யார் என்ன சாப்பிடுகிறார் என்பதைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இதயத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல எங்களிடம் ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் அவர் கட்டுரையில் எழுதினார். கட்டுரையை யார் படித்தார்கள்?

எல்லோரும் பார்த்தது இந்தப் படத்தைத்தான். திரும்பிப் பாருங்கள், இல்லை, நான் நகர்ந்துகொள்கிறேன். அவருடைய சாதனை என்று சொல்லி, ஏற்பாட்டுக் குழுவினர் அன்போடு இங்கே மாட்டியிருக்கிறார்கள். மேடையில் அது தொங்குவதைப் பார்த்ததும் படியேறவே எனக்கு மனசு வரவில்லை. இடமிருந்து வலமாகக் கலகலப்பு. கீழிருந்து மேலாக ரத்தத்தில் இருக்கும் பொருள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். புள்ளிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா? இடது மேல் மூலையில் வெள்ளைப் பெட்டி ஒன்று தெரிகிறதே, 'ஆண்கள், பெண்கள்' என்று நிறக்குறிப்பு எழுதிய பெட்டி, அதை அங்கே வைத்தது நான்.

கலகலப்பில் கடைசி, ரத்தத்தில் முதல். அந்த மனிதருடைய புள்ளி இந்தப் படத்தில் எங்கே இருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆம். பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கணக்கிலிருந்து அவரை நான் எடுக்கவில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் எனக்குக் கிடையாது. பார்வையிலிருந்துதான் எடுத்தேன். அந்தப் புள்ளி கண்ணை உறுத்தியது. கூட்டங்களில் படத்தைக் காட்டினால் முதல் கேள்வியே அதைக் காட்டித்தான் வரும். பெட்டியை இப்படி இழுத்து அப்படி வைத்தேன். படம் சுத்தமாகிவிட்டது.

அச்சாகி வந்ததும் அவர் என் அறைக்கு வந்தார். கத்துவார் என்று கதவைச் சாத்தப் போனேன். கத்தவில்லை. கத்த வேண்டிய விஷயத்துக்கு அவர் என்னிடம் கத்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்ன மேடம், பெட்டிய இங்க வெச்சிருக்கீங்க?"

"அங்கதான் சார் இடம் காலியா இருந்துச்சு."

"அங்க நான் இருந்தேனே" என்றார்.

அவ்வளவுதான். நான் ஏதோ சிரித்து மழுப்பினேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் வழக்கம்போல யாரையோ திட்டுகிற சத்தம் தாழ்வாரத்தில் கேட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பிறகு ரேடியோவில் கூப்பிட்டார்கள். பேட்டி எடுத்த பெண், "எங்க நேயர்களுக்கு மனசுல நிக்கிற மாதிரி ஒரு வரி சொல்லுங்க" என்றாள். எனக்கும் நாக்கு ஊறியது. "கோபக்காரர்கள் தங்கள் இதயத்தைத் தாங்களே தின்கிறார்கள்" என்றேன். நன்றாக இருக்கிறதல்லவா? நன்றாக இருந்ததால்தான் சொன்னேன். அதற்கு ஆதாரம் என்னிடம் இருந்ததா? இல்லை. எனக்கு அது தெரியுமா? தெரியும். கடுகு சார் அதைக் கேட்டுவிட்டு, "மேடம், இந்த வரிய யாரோ ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. அங்க போய் அது என்ன பண்ணுதுன்னு பாக்க நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். ஒரு விஷயத்தில் அவர் சொன்னது தவறு. நான் இருந்தேன். கையில் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது உங்கள் எல்லோரிடமும் ஒரு உதவி கேட்கிறேன். இரங்கல் கூட்டத்தில் இப்படிக் கேட்பது முறையா என்று தெரியவில்லை, கேட்கிறேன். கடுகு சாரைக் கத்த வைத்தவர்கள் யார் யார்? ஒரு தடவையாவது அவருக்குக் கோபம் வர வைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், அதற்கு நான் இருக்கிறேன்.

தூக்குங்கள். ஆய்வகக்காரர்கள் எல்லோரும், சரி, அது தெரிந்ததுதான். பின்வரிசை மாணவர்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். கேன்டீன்காரர், அலுவலகத்தார், கதவோரம் நம் ஓட்டுநர் அண்ணன் கூடவா? துணைவேந்தர் அவர்களே, நீங்களுமா? ஓ, அந்த ஃப்ரீசர் வாங்கிய விவகாரம். அக்கா தூக்கியிருக்கிறார்கள், அக்காவுக்கு அந்த உரிமை எல்லோரையும்விட அதிகம். அத்தையும் தூக்கிவிட்டார்கள். நன்றி அத்தை. இதோ, என் கை.

பாப்பா, தலையை நிமிர்த்து. கொஞ்சம் திரும்பி இந்த அரங்கத்தைப் பார்.

ஒரு தடவை கத்தினால் இதயம் நின்றுவிடும் என்றால் உன் அப்பாவை எத்தனை பேர் எத்தனை முறை கொன்றிருக்க வேண்டும்? இவ்வளவு கை தூக்கிய சபையில் ஒரு பிள்ளையை மட்டும் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? உன் அப்பாவின் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பு வருஷக்கணக்கில் சேர்ந்தது என்று தலைமை மருத்துவர் சற்று முன்தான் இந்த மேடையில் சொன்னார். அத்தனை கேரட் தின்றவருக்கு, ரத்தத்தில் முதலாக வந்தவருக்கு அது ஏன் சேர்ந்தது? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஆய்வு ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றி, மொத்தத்தில் இப்படி இருக்கிறது என்று கொஞ்சமாகச் சொல்லும். ஒரு மனிதரின் இதயம் ஒரு குறிப்பிட்ட காலையில் ஏன் நின்றது என்று அதனிடம் கேட்டால் வாயைத் திறக்காது. திறந்ததாகச் சொன்னது நான். என் வரி பொய். நல்ல ஓசையுள்ள பொய். உன்னிடமும் அத்தையிடமும் இந்தச் சபையிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் இந்த ஆய்வு நிற்காது. மஞ்சள் விளக்கு எரியும், திரைச்சீலை மூடியே இருக்கும். அவருடைய இடத்துக்கு வருகிறவர் அவரைப் போலவே கத்துவார் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் நான் கத்தக் கற்றுக்கொள்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிற யாரும் இனிமேல் பசியோடு காத்திருக்க மாட்டார்கள். ரேடியோ நிலையத்துக்கு நேற்றே பேசிவிட்டேன். திருத்தம் சொல்ல நேரம் தருகிறார்கள். மனசில் நிற்கிற மாதிரி வரி எதுவும் அதில் இருக்காது. இந்தப் படம் புதிதாக அச்சாகும்போது நிறக்குறிப்பு படத்துக்கு வெளியே போகும். அதுவரைக்கும், ஏற்பாட்டுக் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்தத் தடிப் பேனாவைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். உங்கள் அழகான படத்தைக் கொஞ்சம் கெடுக்கப் போகிறேன்.

இங்கே. இந்தப் பெட்டியின் மேல், இந்த இடத்தில். கடைசி வரிசைக்குத் தெரிகிறதா? கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறேன். இங்கேதான் இருந்தார்.

முடிப்பதற்கு முன்னால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது. பாப்பா, நீ என்னிடம் கேட்டாயே, அன்றைக்கே இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் ரேடியோவில் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்திருக்கும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, உன்னுடைய பொருளை என் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். இப்போது திருப்பித் தருகிறேன்.

அன்று காலை சண்டைக்குப் பிறகு உன் அப்பா நேராக என் அறைக்குத்தான் வந்தார். டப்பாவைத் திறந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். பாதியை எனக்குக் கொடுத்தார். "என்ன சார், காலைலயே மூஞ்சி இப்படி?" என்றேன். "வீட்ல ஒரே ரகளை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபமே இல்லை.

"என்ன கத்து கத்துறா தெரியுமா மேடம்? அப்படியே என்னை மாதிரி. ஒரு வார்த்தை பின்வாங்கல" என்றார். ஏதோ மெடல் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே சார்?"

"அனுப்பத்தான் போறேன். அவ கேட்டது நியாயம்தான். ஆனா கேட்ட உடனே தலையாட்டிட்டா அப்பன்னு ஒரு மரியாதை வேணாமா? சாயந்திரம் வீட்டுக்குப் போய் சரின்னு சொல்லிடுவேன்."

தோலைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

சாயந்திரம் சொல்வதற்கு அவர் இல்லை. தெரிந்த ஒரே ஆள் நான், நானும் சொல்லவில்லை. பாப்பா, உன் அப்பாவுக்காக, அவர் சொல்ல நினைத்ததை இந்தச் சபை சாட்சியாக நான் சொல்கிறேன்.

சரி. போயிட்டு வா.